யோகா விரிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் முழங்கால் வலியையும் வஜ்ராசனத்தையும் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் வலியை விட்டுவிட்டு விரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தன. கொழிஞ்சாம்பாறை, குலசேகரம், வண்டிப்பெரியாறு, வேலந்தாவளம், செங்கோட்டை, பாலக்காட்டுச் சித்தூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நம் வாசகர்கள் எழுதியவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: எனக்கு 47 வயது. இரண்டு மாதங்களாக யோகா கற்றுவருகிறேன். இந்த வயதில் மெத்தென்று இருந்தால்தான் நல்லது என்று சொல்லிக் கடைக்காரர் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள விரிப்பைக் கொடுத்தார். அதன்மீது, ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் பத்து நொடிகூட நிற்க முடியவில்லை. மணிக்கட்டும் வலிக்கிறது. குறை என் உடம்பிலா, விரிப்பிலா?

பதில்: விரிப்பில்தான், அம்மா. தடிமன் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று கடைகளில் சொல்வது, படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு ஓரளவு பொருந்தும். நின்றும் கையூன்றியும் செய்பவற்றுக்குப் பொருந்தாது. 10 மி.மீ. விரிப்புகளில் பெரும்பாலானவை காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரைப்பொருளால் ஆனவை. ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் தரையை உணர்ந்து, பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களுக்கும் எடையை நொடிக்கு நொடி மாற்றிப் பகிர்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் இருக்கும் நுரை அமுங்கிக்கொண்டே போனால், ஆற்று மணலில் ஒற்றைக் காலில் நிற்பவரைப்போலக் கணுக்கால் ஓயாமல் தடுமாற வேண்டியதாகிறது. உங்கள் மணிக்கட்டு வலிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கையும் முழங்காலும் ஊன்றும் பூனை நிலையிலும், கையும் பாதமும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்திலும் உடல் எடையின் கணிசமான பங்கு உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குகிறது. அந்தப் பகுதி நுரைக்குள் புதைந்துபோக, விரல்கள் மட்டும் மேலேயே நிற்பதால், மணிக்கட்டு வளைய வேண்டிய அளவைத் தாண்டிப் பின்னோக்கி வளைகிறது. உங்கள் விரிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கை ஊன்றும் இரண்டு இடங்களிலும் பிறைநிலவு வடிவில் மேலெழும்பாத குழி விழுந்திருந்தால் நான் சொல்வது சரி.

உங்களுக்கு வேண்டியது 4 முதல் 6 மி.மீ. தடிமனுக்குள் அடர்த்தியாக இருக்கும் விரிப்பு. தடிமன் அட்டையில் அச்சிட்டிருக்கும், அடர்த்தியை மட்டும் நாம்தான் சோதிக்க வேண்டும். விரிப்பின் ஒரு மூலையைக் கடைமேசைமீது வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேசையின் கடினம் உடனே விரலில் தட்டினால் அது மிக மென்மையானது, வேண்டாம். எதிர்த்து நின்று, விரலை எடுத்ததும் குழி உடனே நிரம்பினால் நல்லது. பிறகு, கடைக்காரர் சம்மதித்தால், விரிப்பைத் தரையில் விரித்து மண்டியிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கையும் விரிப்பும் நழுவக் கூடாது, விரிப்பும் தரையும் நழுவக் கூடாது. இந்த இரண்டாவது சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிவப்பு ஆக்சைடு தரையில் அசையாமல் நிற்கும் விரிப்பு, பளபளக்கும் புதிய டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே கடைக்குப் போவதற்குமுன் உங்கள் வீட்டில் எந்த அறையில், எந்தத் தரையில் விரிக்கப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பொதுவாகக் கிடைக்கும் நீளம் 68 அங்குலம், அதாவது 173 சென்டிமீட்டர். அகலம் 24 அங்குலம். ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம் உள்ளவர்கள் 72 அங்குல நீளம் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் தலையோ குதிகாலோ வெறுந்தரையில் கிடக்கும்.

முழங்கால் ஊன்றும்போது வலித்தால் அதற்காக விரிப்பு முழுவதையும் தடிமனாக்க வேண்டியதில்லை. ஒரு பருத்தித் துண்டை நான்காக மடித்து முழங்காலுக்கு அடியில் மட்டும் வையுங்கள். இப்போதுள்ள 10 மி.மீ. விரிப்பையும் வீசிவிடாதீர்கள். ஒரு முழ நீளம் வெட்டி எடுத்தால் முழங்கால் மெத்தையாகும், மீதி சவாசனத்துக்கு உதவும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று இறங்கும்போது, சன்னலை மூடிவைத்தாலும் வீட்டுக்குள் மெல்லிய புழுதி படிகிறது. அந்தப் புழுதி விரிப்பின்மேல் மாவுபோல் படர்ந்தால் எவ்வளவு நல்ல விரிப்பும் வழுக்கும். "வாங்கியபோது பிடித்தது, இப்போது பிடிப்பதில்லை" என்று தை மாதத்தில் என்னிடம் சொல்பவர்களிடம், பயிற்சிக்குமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து ஐந்து நிமிடம் உலரவிடும்படி சொல்கிறேன். பெரும்பாலும் அதிலேயே பிடிப்பு திரும்பிவிடுகிறது.

குலசேகரம் வாசகர்: நாங்கள் பரம்பரையாக ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள். திருவனந்தபுரத்தில் இருக்கும் மகள், நம் பொருளாயிற்றே என்று இயற்கை ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிவந்தாள். மூன்று மாதத்தில் அதன் நடுப்பகுதி பிசுபிசுத்து, கறுப்புத் துகளாக உதிர்கிறது. காலையில் மூட்டுகளுக்குத் தைலம் தேய்த்து, அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்கிறேன். வாரம் ஒருமுறை விரிப்பை நல்ல வெயிலில் காயவைக்கவும் தவறுவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியதாகத் தோன்றவில்லை, ஐயா. துகள் உதிர்வதற்கு நீங்கள் சொன்ன தைலமும் வெயிலுமே போதும்.

இயற்கை ரப்பர் தண்ணீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தைலமோ அதன்மீது பட்டால் மேலோடு நிற்காமல் உள்ளே ஊறி, ரப்பரை உப்பச்செய்து, அதன் வலுவைக் குறைத்துவிடும். முழங்காலும் முழங்கையும் படும் நடுப்பகுதி முதலில் கெட்டிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ரப்பர் ஷீட்டை அளவுக்கு மீறி வெயிலில் போட்டால் பிசுபிசுத்துத் தரம் இறங்கும் என்று தெரிந்துதான் புகைப்புரையில் தொங்கவிடுகிறீர்கள். விரிப்பும் அதே பாலில் பிறந்ததுதான். பதப்படுத்திய ரப்பர் கூடுதல் காலம் தாங்குமே தவிர, வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் அதையும் மேலிருந்து வெடிக்கச்செய்யும்.

இதே பிழையை நானும் செய்தேன். முதன்முதலாக ஆசையோடு வாங்கிய ரப்பர் விரிப்பைக் கழுவி, பங்குனி வெயிலில் மொட்டைமாடிச் சுவரில் போட்டுவிட்டு, மாலைவரை மறந்துவிட்டேன். சுவரின் விளிம்பில் மடிந்து கிடந்த இடத்தில், வற்றிய குளத்துச் சேற்றைப்போல நுண்ணிய வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தன. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடத்திலேயே இரண்டாகக் கிழிந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் எந்த விரிப்பும் வெயிலைப் பார்த்ததில்லை. காற்றோட்டமுள்ள நிழலில், கொடியில் இரட்டையாகப் போட்டால் போதும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது: பயிற்சியை முதலில் முடித்துவிட்டுத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். தைலத்துக்குப் பின்தான் மூட்டு அசையும் என்றால், பயறு மாவு போட்டுக் குளித்து எண்ணெய்ப்பசை நீங்கிய பிறகு விரிப்பில் ஏறுங்கள்; விரிப்பின்மேல் பருத்தி விரிப்பு ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் அன்றைக்குப் பருத்தி விரிப்பிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளலாம்.

இயற்கை ரப்பர் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் சில சொற்கள். வியர்க்காத கைகளுக்கும் நல்ல பிடிப்பைத் தருவது, நின்று செய்யும் ஆசனங்களுக்கு மிகவும் உகந்தது என்பது என் அனுபவம். ஆனால் கனமானது, 5 மி.மீ. விரிப்பு இரண்டரை கிலோவை எட்டும். பேருந்தில் வகுப்புக்குத் தூக்கிச்செல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். புதிதில் ரப்பர் வாடை அடிப்பது இயல்பு; ஒரு வாரம் நிழலில் விரித்துவைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். 'ரப்பர்' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிவிட வேண்டாம். இறகுபோல் கனமில்லாத தடித்த நுரை விரிப்புகளும் செயற்கை ரப்பரால் ஆனவையாக இருப்பதுண்டு. ரப்பர் கையுறையாலோ பலூனாலோ தோல் தடித்து அரிப்பெடுப்பவர்கள் இயற்கை ரப்பர் விரிப்பை அறவே தவிர்க்க வேண்டும். அது ஒவ்வாமை, பழகினால் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று.

வண்டிப்பெரியாறு வாசகி: எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் சிமெண்டுத் தரை ஈரம் விடாது. பயிற்சி முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைப்பேன். இப்போது அதில் கறுப்புப் புள்ளிகள், புளித்த வாடை. தங்கைக்குத் தொடையில் படர்தாமரை வந்திருக்கிறது. இருவரும் ஒரே விரிப்பைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: இந்த இதழில் மிகுந்த கவலையோடு எழுதும் பதில் இது. படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலிலிருந்து தோலுக்கு நேராகவும், துண்டு, துணி, விரிப்பு வழியாகவும் பரவும். தங்கையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை அரிப்பை அடக்கி நோயைப் பரப்பிவிடும், ஆகவே சீட்டில்லாமல் எதையும் தடவ வேண்டாம். குணமாகும்வரை அவருக்குத் தனி விரிப்பு. அது மடித்த பருத்திச் சேலையாக இருந்தாலும் போதும். அன்றன்றைக்குச் சுடுநீரில் துவைத்து நன்றாக உலர்த்திவிட வேண்டும்.

இப்போதுள்ள விரிப்பைக் காப்பாற்ற முடியுமா என்பது அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்துப்போல் அப்படியே நின்றால் அது மூடிய நுண்ணறைகள் கொண்ட விரிப்பு. பூஞ்சை மேலோடுதான் இருக்கும். மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து இரண்டு பக்கமும் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலர்த்துங்கள். சொட்டு உள்ளே இழுக்கப்பட்டு ஈரத்தழும்பானால் அது திறந்த நுண்ணறைகள் கொண்டது. பூஞ்சை உள்ளே இறங்கியிருக்கும். கறுப்புப் புள்ளியும் வாடையும் உள்ள அத்தகைய விரிப்பை விட்டுவிடுவதே நல்லது. பணம் போகிறதே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதன்மீது மறுபடி படுக்காதீர்கள்.

அடுத்தது வாங்கும்போது மூடிய நுண்ணறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் விரிப்புகளும், டி.பி.இ. என்னும் ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக் விரிப்புகளும் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. டி.பி.இ. கனமில்லாதது, 6 மி.மீ. விரிப்பு சுமார் ஒரு கிலோதான் இருக்கும். ஆனால் சூட்டில் இளகும் தன்மை அதன் இயல்பிலேயே இருப்பதால் அடுப்புக்கு மேலே தொங்கவிடக் கூடாது. மழைக்காலத்தில் எல்லாவற்றையும் அடுப்பங்கரையில் உலர்த்துவது மலையில் வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் இரண்டு பக்கமும் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு ஒருபோதும் சுருட்டாதீர்கள். தரையின் ஈரம் மேலேறாமல் இருக்க, விரிக்கும் இடத்தில் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைப் போடலாம். அதையும் தினமும் எடுத்து உலர்த்த வேண்டும், நழுவுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுருட்டும்போது மேற்பக்கத்தோடு மேற்பக்கம் சேரும்படி குறுக்கே ஒரு மடிப்பு மடித்து, பிறகு சுருட்டுங்கள். அப்படிச் செய்தால் தரையைத் தொட்ட பக்கம் முகம் வைக்கும் பக்கத்தைத் தொடவே தொடாது. ரப்பர் விரிப்பானால் மட்டும் இப்படி மடிக்காமல், மேற்பக்கம் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். விரிக்கும்போது முனைகள் சுருண்டு நிற்காமல் படியும்.

வேலந்தாவளம் ஆசிரியர்: எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் 40 பிள்ளைகள் யோகா பயில்கிறார்கள். ஜூன் 21 யோகா நாளை முன்னிட்டுப் புரவலர் ஒருவர் சிறு தொகை தருகிறார். அந்தத் தொகைக்கு மலிவான 4 மி.மீ. விரிப்புகள்தான் கிடைக்கும். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. மலிவான மெல்லிய பி.வி.சி. விரிப்பு, பல கால்கள் மாறிமாறி ஏறினால் விரைவிலேயே ஓரம் கிழியும். 40 விரிப்புகளை ஒவ்வொரு நாளும் யார் துடைத்து உலர்த்துவார்கள்? உலர்த்தாமல் அடுக்கிவைத்தால், வண்டிப்பெரியாறு வாசகிக்கு மேலே சொன்ன தொல்லை உங்கள் பள்ளிக்கும் வரும்.

நின்று செய்யும் ஆசனங்களைக் கூட்டித் துடைத்த திண்ணைத் தரையில் வெறுங்காலோடு செய்யச் சொல்லுங்கள். சொரசொரப்பான சிமெண்டுத் தரையைவிட நல்ல பிடிப்பு பிள்ளைகளின் பாதங்களுக்கு வேறெதுவும் தராது. உட்கார்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்குப் பந்திக்கு விரிப்பதுபோன்ற நீளமான ஜமக்காளங்களை வாங்குங்கள். பவானி அதிக தூரமில்லை. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் முரட்டுப் பருத்தி நூலிலும் நெய்யப்படுகிறது, பளபளக்கும் செயற்கைப் பட்டு நூலிலும் நெய்யப்படுகிறது. உங்களுக்கு வேண்டியது முன்னது, பின்னது வழுக்கும். பருத்தியைத் துவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம், பல ஆண்டுகள் உழைக்கும். தலை வைக்கும் இடத்தில் விரிக்க ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவரட்டும். புரவலர் விழாப் படத்தில் வண்ண விரிப்புகள் தெரிய வேண்டும் என்று விரும்பக்கூடும். ஜமக்காளத்தின் பட்டைக்கோடுகளைவிட வண்ணமானது எது என்று அவரிடம் கேளுங்கள்.

செங்கோட்டை வாசகர்: நம் முன்னோர் கோரைப்பாயில்தான் எல்லாம் செய்தார்கள். பிளாஸ்டிக் விரிப்பு அவசியமா? பத்தமடைப் பாய் போதாதா?

பதில்: ஓரளவுக்குப் போதும். பகவத்கீதை ஆறாம் அத்தியாயத்தின் 11ஆம் சுலோகம், தூய இடத்தில், மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாதபடி தர்ப்பை, தோல், துணி ஆகியவற்றை அமைத்த ஆசனத்தைச் சொல்கிறது. ஆனால் அது தியானத்துக்கு அமரும் இருக்கை. நின்றும் தாவியும் செய்யும் தொடர்களைத் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கற்பித்தபோதும் ஒட்டுப்பிடிப்புள்ள விரிப்பு கிடையாது. 1980களில் ஜெர்மனியில் யோகா கற்பித்த ஏஞ்சலா ஃபார்மர், தரைக்கம்பளம் நழுவாமல் இருக்க அதன் அடியில் போடும் ரப்பர்த் தன்மையுள்ள படலத்தை வெட்டிப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்துதான் இன்றைய விரிப்பு பரவியது. ஆக, அது இல்லாமலும் யோகா நடந்தது, நடக்கும்.

பிராணாயாமத்துக்கும் பத்மாசனத்துக்கும் சவாசனத்துக்கும் பத்தமடைப் பாயைப்போலச் சுகமானது இல்லை. வெயில்காலத்தில் உடம்புக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். நுட்பமாக நெய்த பாயில் அதோமுக ஸ்வானாசனமோ, கால்களை அகட்டி நிற்கும் வீரபத்ராசனமோ செய்தால் மட்டும் கையும் காலும் வழுக்கும், பாயும் டைல்ஸ்மீது நகரும். அவற்றைப் பாயை விட்டு இறங்கி வெறுந்தரையில் செய்யுங்கள். முழங்கால் ஊன்றும் நிலைகளில் கோரையின் வரிகள் தோலில் பதிந்து வலிக்கும் என்பதால் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் உங்கள் ஊர்க் காற்றே ஈரமாக இருப்பதால், பாயைச் சுருட்டி நிறுத்திவைக்காமல் விரித்தபடி சுவரில் சாய்த்துவையுங்கள்.

சித்தூர் வாசகி: புதிய பி.வி.சி. விரிப்பு வழுக்குகிறது. என்ன செய்யலாம்? பழைய விரிப்பைச் சருகோடு போட்டு எரித்துவிடலாமா?

பதில்: புதிய பி.வி.சி. விரிப்பில் தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய படலம் இருப்பதுண்டு. கல்லுப்பைத் தூவி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கலாம். ரப்பர் விரிப்பில் இதைச் செய்ய வேண்டாம்.

பழையதை எரிக்கவே கூடாது. பி.வி.சி. எரியும்போது மூச்சுக்குழாயை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும், டையாக்சின் என்ற நச்சுகளும் வெளிவரும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் மூச்சில் இழுக்கும். கையளவு துண்டுகளாக வெட்டித் தையல் இயந்திரத்தின் காலுக்கு அடியிலும், ஆட்டுக்கல்லுக்கு அடியிலும், நகர்ந்துகொண்டே இருக்கும் கட்டில் கால்களுக்கு அடியிலும் வையுங்கள். மீந்ததை, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் வரும் நாளில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.